முதுகைப் பார்த்து வாங்குங்கள்: பழம்பொருள் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பூசை அறையில் ஒரு வெள்ளிச் சந்தனப் பேலா இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த பொருள். ஒருநாள் துடைக்க எடுத்தபோதுதான் திருப்பிப் பார்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாக ‘மு.வெ.’ என்று பெயர் வெட்டியிருந்தது. அது யார் என்று அம்மாவைக் கேட்டேன். அவருடைய அப்பாயி, பினாங்குக்குக் கப்பலேறியபோது கொண்டுவந்ததாம். இவ்வளவு காலம் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். பேசியதெல்லாம் அதன் முதுகு.

வீட்டுக்குப் பழைய பீங்கான், வெள்ளி, கண்ணாடி, துணி சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பழக்கம் இதுதான்: எதையும் திருப்பிப் பாருங்கள்.

படி 1: வீட்டில் இருப்பதை எடுத்து வையுங்கள்

கடைக்குப் போக அவசரம் வேண்டாம். ஊறுகாய் ஜாடி, குங்குமச்சிமிழ், பன்னீர்ச்செம்பு, பாட்டியின் கல்யாணப் புடவை, மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னி என்று இருப்பதையெல்லாம் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் அடியையும் உட்புறத்தையும் பாருங்கள். உண்மையிலேயே புழங்கிய பொருளில் தேய்மானம் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், சந்தையில் பாதி வேலை முடிந்தது.

படி 2: பார்த்துப் பழகுங்கள், வாங்காதீர்கள்

ஜார்ஜ்டவுனில் லெபோ கெரேஜாவில் பினாங்கு பெரனாக்கான் மாளிகை இருக்கிறது. பாபா நோன்யா, அதாவது இந்த மண்ணில் தலைமுறையாக ஊன்றிய பெரனாக்கான் சீனக் குடும்பங்கள் புழங்கிய பீங்கான், வெள்ளி, மணி கோத்த செருப்புகள் எல்லாம் அங்கே பார்க்கலாம். கோலாலம்பூர் போகும்போது தேசிய ஜவுளி அருங்காட்சியகத்தையும் பெர்டானா தாவரவியல் பூங்கா (பழைய தாமான் தாசேக் பெர்டானா) பக்கத்தில் இருக்கும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். அசலைப் பார்த்துப் பழகிய கண்ணை ஏமாற்றுவது கடினம்.

அப்புறம் பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை. காலையில் கூடும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். பசியாறிவிட்டுப் போனால் நல்ல பொருள் போயிருக்கும். போய்விட்டு வந்து பசியாறுங்கள். முதல் மூன்று நடையில் எதுவும் வாங்காதீர்கள். “கையில் எடுத்துப் பார்க்கலாமா அண்ணே?” என்று கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் எடுத்துப் பாருங்கள். மூடியையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒட்டவைத்த கைப்பிடி கழன்று வந்தால் பழி உங்கள்மேல்தான்.

படி 3: பையில் வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் உருப்பெருக்கி, சின்ன டார்ச், காந்தம், அளவு நாடா. இவ்வளவு போதும். வீட்டில் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று இருக்கட்டும், வெள்ளிக்கு வேண்டும்.

படி 4: பீங்கான்

தட்டைத் திருப்பியதும் அடி வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கண்ணாடி போன்ற மெருகு இருக்காது, மண் தெரியும். பல வருடம் மேசையில் இழுபட்ட வளையம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தேய்ந்திருக்கும். கீறல்கள் பல திசையில் ஓடும். புதிதாகச் செய்து பழையதாக்கியதில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் தேநீர்க்கறை போல வந்துவிடும்.

அடுத்து ஓவியம். உருப்பெருக்கியில் பார்த்தால் கையால் தீட்டியதில் தூரிகைத் தடம் தெரியும். நாலைந்து நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றால் அது இக்கால அச்சு. ஆனால் அச்சு என்றாலே புதிது என்று தள்ளிவிடாதீர்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1836இல் தொடங்கிய பெட்ரஸ் ரெகுவின் ஆலைத் தட்டுகளும், இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் தட்டுகளும் அச்சிட்டவையே. தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இவற்றைத்தான். அடியில் ஆலையின் முத்திரை இருக்கும், படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

நோன்யா பீங்கான் என்று சொல்லி இளஞ்சிவப்பும் பச்சையுமாக, பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் போட்ட பாத்திரங்களைக் காட்டுவார்கள். அசலானவை 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனாவின் ஜிங்டெசென்னில் இங்குள்ள குடும்பங்களுக்காகச் செய்தவை. இன்று கடைகளில் நகல்கள் நிறைய. பிடித்திருந்தால் நகலை நகல் விலைக்கு வாங்குங்கள், தப்பில்லை. முதல் வருடத்தில் அசல் விலை கொடுத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் சீன அரசர் முத்திரையையும் நம்ப வேண்டாம். முந்தைய அரசரின் முத்திரையைப் போடுவது அங்கே பழைய வழக்கம்.

எழுத்துகள் ஓரளவு உதவும். ‘சைனா’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற சட்டம் அந்த வருடம் நடைமுறைக்கு வந்தது. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றால் போருக்குப் பின், 1952 வரை. ஆனால் எழுத்தே இல்லாவிட்டால் அதைவிடப் பழையது என்று அர்த்தமில்லை. நம் பக்கம் வந்த சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

கடைசியாக, விரல்நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுப் பீங்கான் கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் மந்தமாகக் கேட்கும். நான் ஒருமுறை மாலை நேரத்தில், மங்கிய விளக்கில், தட்டிப் பார்க்காமல் ஒரு நீலக் கிண்ணம் வாங்கிவிட்டேன். வீட்டில் டார்ச்சை உள்ளே வைத்தபோது விளிம்பிலிருந்து அடிவரை ஒட்டவைத்த கோடு தெரிந்தது. பகலில் வாங்குங்கள்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: பழைய வண்ணத்திலும் மெருகிலும் ஈயம் இருக்கலாம். ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் எதையும் இவற்றில் வைத்துச் சாப்பிடாதீர்கள். புளிப்பு ஈயத்தை இழுக்கும். அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள்.

படி 5: வெள்ளி

நம் ஊரில் ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். இந்தப் பகுதியில் உலோகத்தைச் சொல்கிறேன்.

‘925’ என்றால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும். கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது. ‘இ.பி.என்.எஸ்.’ என்றால் உள்ளே நிக்கல் கலந்த உலோகம், மேலே வெள்ளிப் பூச்சு மட்டும். ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளியே கிடையாது. சிலாங்கூரில் 1885இல் தொடங்கி இன்றுவரை செய்யப்படும் பியூட்டர் ஈயநிறமாக அழகாக இருக்கும், ஆனால் அது வெள்ளீயக் கலவை.

நம் குடும்பச் சிமிழிலும் செம்பிலும் முத்திரை இருக்காது. அதற்குத்தான் தராசு. இப்படிச் செய்யுங்கள்:

முதலில் பொருளைக் காயவைத்து எடை போடுங்கள். 62 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். சிமிழாக இருந்தால் மூடியைத் திறந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். தராசு 6 காட்டினால், 62ஐ 6ஆல் வகுக்க 10.3 வரும். அது வெள்ளிதான். 8.5 பக்கம் வந்தால் பித்தளையோ நிக்கல் கலவையோ. 7.3 பக்கம் என்றால் வெள்ளீயம். உள்ளே அரக்கு நிரப்பிய பொருளுக்கும் பூச்சுப் பொருளுக்கும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். பித்தளை அதில் தப்பிவிடும்.

துடைக்க நம் வீட்டில் விபூதிதான் வழக்கம். சலித்த, மென்மையான விபூதியை ஈரத்துணியில் தொட்டு, வருடத்துக்கு ஒருமுறை, லேசாக. பற்பசை வேண்டவே வேண்டாம், நுண்ணிய கீறல் விழும். வேலைப்பாட்டின் பள்ளங்களில் தங்கிய கருமையை விட்டுவிடுங்கள். பூவும் கொடியும் எழுந்து தெரிவது அதனால்தான். ரப்பர் வளையம் போட்டு வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

படி 6: கண்ணாடி

குறைந்த செலவில் தொடங்க ஏற்றது இதுதான். புட்டியின் பக்கவாட்டுத் தையல்கோட்டை விரலால் தடவிக்கொண்டே மேலே போங்கள். கோடு வாய்க்குக் கீழே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாய்வரை ஏறினால் இயந்திரம். அந்தத் தானியங்கி இயந்திரம் வந்தது 1903 வாக்கில். கோலி சோடாப் புட்டியின் காப்புரிமை 1872ஐச் சேர்ந்தது. பிரேசர் அண்ட் நீவ் போன்ற உள்ளூர்ப் பெயர் புடைத்து நிற்கும் புட்டி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் இன்னும் எடுக்கிறேன்.

படி 7: துணி

துணியின் முதுகு அதன் பின்பக்கம். கையால் மெழுகு எழுதிய பாத்தேக்கில் இரு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அச்சிட்டதில் பின்பக்கம் வெளிறியிருக்கும். காஞ்சிப் பட்டின் சரிகையை உருப்பெருக்கியில் பார்த்தால், பட்டு நூலைச் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு தெரியும். பழைய வெள்ளிச் சரிகை கொஞ்சம் கறுத்திருக்கும். அதற்காகப் புடவையை உருக்குபவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்மவர்கள் சேர்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது பழைய பெலிக்காட் கைலிகளை. மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்று சொல்வது பழவேற்காட்டின் பெயர்தான். சோழமண்டலக் கரையிலிருந்து இங்கே வந்த கட்டம் போட்ட துணி அந்த ஊர்ப்பெயரிலேயே தங்கிவிட்டது. பழைய வீடுகளில் தாத்தாவின் பெட்டி அடியில் இன்னும் கிடக்கும், யாரும் கேட்பதில்லை.

பினாங்கின் ஈரக்காற்று துணிக்குப் பகை. பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பருத்தி வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த வரியிலேயே வெட்டுப்படும். சரிகை நெய்த மலாய்த் துணியான சோங்கெட்டை மடிக்காமல் உருளையில் சுற்றுங்கள்.

படி 8: விலையும் சட்டமும்

முதல் ஆறு மாதம் ஒரு பொருளுக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் போகாதீர்கள். “கடைசி விலை என்ன தவுக்கே?” என்று கடை முதலாளியை ஒருமுறை கேளுங்கள், அதற்குமேல் இழுக்க வேண்டாம். நாளைக்கும் அவரிடம்தான் போகப் போகிறோம்.

காரைக்குடிக்குப் போய் வாங்க நினைப்பவர்களுக்கு: இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அங்கிருந்து தனியார் வெளியே கொண்டுவர முடியாது. மலேசியாவிலும் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுப் பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப உரிமம் வேண்டும். கோவில் விக்கிரகமோ, கோவில் சாமானோ யார் நீட்டினாலும் தொடாதீர்கள்.

படி 9: ஒரு நோட்டு

எந்த நாள், எங்கே, என்ன விலை, விற்றவர் என்ன சொன்னார், அளவு, அடியின் படம். வாங்கிய அன்றே எழுதுங்கள். பெயர் வெட்டிய பாத்திரம் என்றால் அந்த எழுத்தை அப்படியே பார்த்து வரைந்துகொள்ளுங்கள். துடைக்கும்போது அந்த இடத்தில் கை அழுத்தக் கூடாது.

என் நோட்டின் முதல் பக்கத்தில் விலை என்ற இடம் காலியாக இருக்கிறது. ‘மு.வெ. முத்துப்பேச்சி, வெள்ளையன் மகள். அம்மா சொன்னது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.