முதுகுவலிக்காரரின் அசைவுப் பயத்தை அளப்பது எப்படி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். மூன்று மாதத்துக்கு மேல் முதுகுவலியோடு வரும் கொழுந்து பறிக்கும் அக்காமாரில் பலரை வலியைவிட அதிகமாகக் கட்டிப்போடுவது பயம்தான். "குனிஞ்சா நரம்பு அறுந்துடும்" என்று நம்புகிறவரிடம் பயிற்சித் தாளைக் கொடுத்துப் பயனில்லை. அந்தப் பயம் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும்.

கால் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது இவற்றில் ஏதாவது இருந்தால் கேள்வித்தாளை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.

நான் எடுப்பது டாம்பா அளவுகோல், அசைவுப் பயத்தை அளக்கும் கேள்வித்தாள். 17 வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 4 (முழுக்க ஒப்புகிறேன்) வரை புள்ளி, ஆக மொத்தம் 17க்கும் 68க்கும் இடையில் வரும். 4, 8, 12, 16ஆம் வாசகங்கள் பயமில்லை என்கிற பக்கமாக எழுதப்பட்டவை, அவற்றுக்குப் புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும்: 4 என்றால் 1, 3 என்றால் 2. கிளினிக்கில் கூட்டம் அதிகமென்றால் 11 வாசகச் சுருக்க வடிவம் போதும்; அதில் இந்தத் திருப்பு வாசகங்கள் இல்லை.

இந்த அளவுகோல் அரபு உட்படப் பல மொழிகளில் இருக்கிறது. மொழி மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதை மூல மொழிக்கே திருப்பி எழுத, ஒரு குழு ஒப்பிட்டுத் திருத்தி, 30, 40 பேரிடம் வாசித்துப் பார்க்கும். தமிழுக்கும் அதே ஒழுங்குதான். கொழும்பில் விளங்கும் வாசகம் மஸ்கெலியாத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) விளங்குகிறதா என்று அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வாசித்துக் காட்டும்போது விளக்கம் சொல்லாதீர்கள். உங்கள் எண்ணம் அவர் பதிலுக்குள் போய்விடும். "சரிதானே ஆச்சி?" என்று முடித்தால் மரியாதைக்கு "ஆமாங்க" வரும். நான் அட்டையில் சிறியது முதல் பெரியது வரை நான்கு வட்டம் வரைந்து, விரல் வைக்கச் சொல்கிறேன். கங்காணியோ மகனோ பக்கத்தில் இருக்கக் கூடாது. தாள் தோட்டத்து ஆபீசுக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லுங்கள், சொன்னபடி காப்பாற்றுங்கள். பயத்தைச் சோம்பல் என்று எடுத்து ஒருவருக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி) விழுந்தால், அது நாம் செய்த துரோகம்.

17 வாசகத் தாளில் 37க்கு மேல் என்றால் பயம் அதிகம் என்பது நெதர்லாந்து நோயாளிகளை வைத்துப் போட்ட கோடு. நம் மலையில் அதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். அதே ஆளின் முந்தைய புள்ளியோடு ஒப்பிடுவதுதான் எனக்கு உதவுகிறது. அதற்கு அதே தாளை, முடிந்தால் அதே ஆள் வாசிக்க வேண்டும்.

அப்புறம், எந்த அசைவுக்குப் பயம் என்று கேளுங்கள். தலைக்கயிற்றில் கூடையைத் தூக்குவதா, தண்ணீர்க் குடத்துக்குக் குனிவதா? மழையில் வழுக்கும் சரிவுக்குப் பயந்தால் அது நியாயமான பயம், அதைத் தனியாக எழுதுங்கள். மற்றவற்றை மெதுவாகச் செய்து காட்டச் சொல்லி, மூச்சைப் பிடிக்கிறாரா, முதுகை விறைக்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். பயம் ஆகக் குறைந்த அசைவிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம்.