பழம் பாய்

எங்கள் கூடத்தில் எல்லாம் ஒன்றே ஒன்றுதான். கட்டைகளை அடுக்கிக் கட்டும் இளஞ்சிவப்புக் கோபுரம் ஒன்று, தண்ணீர் ஊற்றிப் பழகும் செம்பு ஒன்று, பூ தொடுக்கும் தட்டு ஒன்று. பிள்ளைகள் 22 பேர். சேர்க்க வரும் அப்பாக்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு செட் வாங்கிப் போடுங்க மிஸ், நான் வேணா பணம் தர்றேன். ஒண்ணே ஒண்ணு இருந்தா சண்டை வராதா?" என்பார்கள். வரும். அந்தச் சண்டையைப் பிள்ளைகள் தாங்களே தீர்த்துக்கொள்ளப் பழகட்டும் என்றுதான் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறேன்.

வத்தலக்குண்டில் என் வீட்டு முன்கூடத்தில் மான்டிசோரி முறையில் வகுப்பு நடத்துகிறேன். இரண்டரை வயதிலிருந்து ஆறு வரை எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். 14 வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். கையில் ஸ்கேல் இருக்கும். நான் உள்ளே நுழைந்தால் வகுப்பு அடங்கும், வெளியே போனால் கத்தும். யார் அடித்தாலும், யார் ரப்பரை எடுத்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தீர்ப்பு சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளைகள் என்னிடம் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சண்டை வந்தால் கையில் கம்பு வைத்திருப்பவரைத் தேடு. இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

குழந்தை தன் வேலையைத் தானே தேர்ந்தெடுத்துப் படிப்பதற்கும் ஊர் அமைதியாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கும், வீட்டிலோ வகுப்பிலோ இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் பாய்

அலமாரி பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு வேலையும் ஒரு தட்டில், எப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கோரைப்பாயை இரண்டடிக்கு மூன்றடியாக வெட்டி ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பாயை விரித்து, தனக்குப் பிடித்த வேலையை எடுத்துவந்து அதன்மேல் வைத்துவிட்டால், அது முடிகிறவரை அந்த இடம் அதனுடையது. மற்றவர்கள் பாயை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். கேட்காமல் தொடக் கூடாது. நானும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். முதல் வாரம் பாயை விரிப்பது, சுருட்டுவது, சுற்றி நடப்பது, இவ்வளவு போதும். எழுத்து எங்கேயும் ஓடிப்போகாது.

பிளாஸ்டிக் வேண்டாம். கண்ணாடியும் பீங்கானும் வையுங்கள். உடையும். துடைப்பத்தை எடுத்துக் கொடுங்கள், திட்டாதீர்கள்.

இனி காத்திருப்பது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவின் மகன், அப்போது நாலு வயது. ஒரு நாள் வந்ததும் வராததுமாகச் செம்பைத் தேடினான். ஒரு பெண் ஏற்கெனவே அதை எடுத்து வைத்துக்கொண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவன் பாய் ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஊற்றினாள், சிந்தியது, பஞ்சால் துடைத்தாள், மறுபடி ஊற்றினாள். இவன் குனிந்து ஒரு சொட்டைத் துடைக்கப் போனான். "இது என் பாய்," என்றாள். பின்வாங்கினான். உதடு பிதுங்கியது. என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் கஷ்டமான வேலை. அவள் இன்னும் நாலு தடவை ஊற்றினாள். அப்புறம் தட்டைத் துடைத்து, செம்பில் தண்ணீர் நிரப்பி, எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். அவன் அங்கிருந்து எடுத்துக்கொண்டான்.

அவள் அவன் கையில் கொடுக்காமல் அலமாரியில் வைத்ததைக் கவனியுங்கள். இதைக் கட்டாயம் பழக்குங்கள். கையில் கொடுத்தால் கொடுப்பவள் தயவு, வாங்குபவன் கடன்பட்டவன். நாளைக்குத் தோழிக்கு மட்டும் கொடுப்பாள். அலமாரிக்குத் திரும்பிவிட்டால் பொருள் எல்லோருக்கும் பொது.

சண்டை வந்தால்

நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது: காய் விடுவது, பழம் விடுவது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெருவில் கற்றது. அதையே எடுத்துக்கொண்டேன். கூடத்தின் மூலையில் ஜன்னல் ஓரமாக ஒரு பாய். பெயர் பழம் பாய். அதன்மேல் என் பாட்டியின் மரப்பாச்சி ஒன்று. மரப்பாச்சி யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர் கேட்க வேண்டும். என்ன நடந்தது, எனக்கு என்ன வேண்டும், இந்த இரண்டும்தான் பேச்சு. சொல்லி முடித்ததும் மரப்பாச்சியை மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஆள் வாய் திறக்கக் கூடாது, டீச்சர் உட்பட.

ஒரு முறை அங்கே கேட்டது:

"நீ என் கோபுரத்தைத் தட்டிவிட்டே."

"தட்டல. பாவாடை பட்டுச்சு."

"கடைசிக் குட்டிதான் பாக்கி இருந்துச்சு."

அந்தக் கோபுரத்தில் பத்துக் கட்டைகள், 10 செ.மீ.யிலிருந்து 1 செ.மீ. வரை. கடைசிக் குட்டியை உச்சியில் வைக்கிற நேரத்தில் சரிந்தால் பெரியவர்களுக்கே அழுகை வரும். மரப்பாச்சி ரொம்ப நேரம் யார் கையிலும் இல்லாமல் கிடந்தது. அப்புறம் பாவாடைக்காரி எடுத்தாள். "திருப்பி அடுக்கலாமா?" "சரி, பெரிசெல்லாம் நீ தூக்கிட்டு வா." விரலோடு விரல் தொட்டார்கள். பழம்.

ஆரம்பத்தில் நீங்களும் பாயில் உட்காருங்கள், மரப்பாச்சி கை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓரிரு வாரத்தில் இரண்டடி தள்ளி உட்காருங்கள். பிறகு போகவே போகாதீர்கள். "சாரி சொல்லு" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்லச் சொல்லி வருகிற சாரி உள்ளே கோபத்தை அப்படியே விட்டுவைக்கும். கை ஓங்கினால் நிலைமை வேறு: உடனே போய்க் கையைப் பிடியுங்கள், "அடிக்க விடமாட்டேன்" என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம் என்று அப்போதும் சொல்லாதீர்கள்.

ஏன் இவ்வளவு பாடு

கொடைக்கானலுக்குப் போகிற பல பஸ்கள் எங்கள் ஊர் வழியாக ஏறும். இந்த முறையை உருவாக்கிய இத்தாலிக்காரர் மரியா மான்டிசோரி 1942 முதல் இரண்டு வருஷம் போல அந்த மலையில் இருந்தவர். 1939-ல் ஆசிரியர் பயிற்சி நடத்த அடையாறு வந்தார். சில மாதத்தில் திரும்புவதாக இருந்தது. இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவர் மகன் மாரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தது. 1940 ஆகஸ்டில் அம்மாவின் 70-வது பிறந்தநாளையொட்டித்தான் விட்டார்கள். 1946 வரை அவரால் ஐரோப்பா திரும்ப முடியவில்லை. சொந்த நாட்டில் முசோலினி ஆட்சியோடு முறிந்து பள்ளிகள் மூடப்பட்டவர், இங்கே எதிரி நாட்டுக்காரராகப் பார்க்கப்பட்டார். அந்த நிலையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போரைத் தடுப்பது அரசியல்வாதிகளின் வேலை, நிலையான அமைதியைக் கட்டுவது கல்வியின் வேலை என்பது அவர் கருத்து. ஓரிடத்தில் ஒரே கட்டளைக்குப் பணிந்து வளர்ந்த பிள்ளை, நாளை எந்தக் கட்டளைக்கும் பணியும் என்று அவர் பயந்ததை நான் அப்படியே நம்புகிறேன்.

நமக்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பையன்களும் ஒரு காலத்தில் மூன்று வயதுப் பிள்ளைகள். அப்போது அவர்கள் யாருக்காகவாவது காத்திருந்திருப்பார்களா, பிடிக்காத ஒருவன் பேசுவதை முழுசாகக் கேட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

எட்டு வயதுக்கு மேல் மரப்பாச்சி போதாது. மாலையில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் போடுகிறோம். போலந்து நாட்டு வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் 1912 முதல் நடத்திய யூத அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிமன்றம் நடத்தினார்கள். அவர்கள் சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பதற்கும் வழக்கைக் கைவிடுவதற்கும் உரியவை. கோர்ச்சாக் மீதே வழக்குப் போட்டார்கள், அவரும் கட்டுப்பட்டார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா வதைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்ப வழி இருந்தும் கூடவே போனவர் அவர். எங்கள் கூட்டத்திலும் டீச்சர் மேல் புகார் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டோம். கூட்டம் நடக்கும்போது போன் பார்க்கிறேன் என்று ஒருத்தி எழுந்து சொன்னாள். உண்மைதான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என் போன் வாசல் கூடையில் கிடக்கும். அதற்கு அடுத்த வாரம்தான், அதுவரை வாயே திறக்காத இரண்டு பையன்கள் பேச ஆரம்பித்தார்கள்.

கடைசியாகத் தண்ணீர். சில வருஷத்துக்கு முன் ஒரு அம்மா பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். "எம் பொண்ணுக்கு இதுலயே தண்ணி குடுங்க மிஸ்." அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் எந்தத் தெரு என்று ஊருக்கே தெரியும். இங்கே தனி டம்ளர் கிடையாது என்று சொல்லி, அதையும் பொதுத் தட்டில் வைத்தேன். எழுத்தைத் தடவிப் பழகும் வயதுப் பிள்ளைகளுக்குப் பெயர் வெட்டிய டம்ளர் என்றால் கேட்க வேண்டுமா? எல்லோருக்கும் அதுதான் வேண்டும். வரிசை கட்டி நின்றார்கள். குடிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் விரலால் எழுத்தைத் தடவினார்கள். அந்தப் பெண்ணும் புதுப் பையனுக்குப் பின்னால் நின்றாள். அம்மாவுக்குத் தெரிந்ததும் பத்து நாள் அனுப்பவில்லை. பதினோராம் நாள் ஒன்றும் பேசாமல் கொண்டுவந்து விட்டுப் போனார். டம்ளரைத் திருப்பிக் கேட்கவில்லை.

நீங்கள் டம்ளர் வாங்கினால் ஆறு போதும், 22 பிள்ளைகளுக்கும். பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியும் தேங்காய் நாரும் வையுங்கள். குடித்தவர் கழுவிக் கவிழ்த்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.