சேலத்தை மேலே இருந்து பார்க்கணுமா?

ஊர் முழுசையும் ஒரே பார்வையில் பார்க்க வெளிநாட்டில் தேவாலயக் கோபுரம் ஏறுவார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 533 படி, லிஃப்ட் கிடையாது. நமக்கு அந்த மூச்சிரைப்பு வேண்டாம். ஏற்காட்டு மலையில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனை இருக்கிறது.

நேரம்தான் முக்கியம். நடுப்பகலில் போனால் அடிவாரம் வெறும் புகைமூட்டமாகத்தான் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், சூரியன் சாய அரை மணி முன்னாடி போய் நில்லுங்கள். மேக்னசைட் சுரங்கத்து வெள்ளை மண் முதலில் கண்ணில் படும். வானம் துல்லியமாக இருந்தால் தூரத்தில் மேட்டூர் அணைத் தண்ணீரும் மினுங்கும். உடனே கிளம்பிவிடாதீர்கள், இருட்ட இருட்ட ஊரில் ஒவ்வொரு தெருவாக விளக்கு ஏறுவதுதான் அசல் காட்சி. மார்கழி என்றால் பனி மறைக்கும், அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கையில் சோளக்கருது, சிப்ஸ் பொட்டலம் வேண்டாம், குரங்கு விடாது. காற்று அடிக்கும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுங்கள்.

இருட்டியபின் இறங்குபவர்கள் கவனம்: சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நியூட்ரலில் உருட்டாதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காது. இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். ஏறி வரும் பஸ்ஸுக்கு முதலில் வழி விடுங்கள்.