கழுத்து எக்ஸ்ரேயைப் படிக்கும் முறை: வரிசை முதலில், தேய்மானம் பிறகு

மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் குனிந்து பீடி சுற்றும் பெண்கள் முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளிலிருந்து கழுத்து வலியோடு வரும்போது, எக்ஸ்ரே படத்துடன் 'எலும்பு தேஞ்சிருக்காம்' என்ற ஒருவரித் தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, படத்தைத் தாமே முறைப்படி பார்க்க விரும்பும் பிசியோதெரபி மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் பக்கவாட்டுப் படத்தைப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை, பெயரையும் தேதியையும் சரிபார்த்தபின் எலும்புகளை எண்ணுவது. பல் போன்ற முனை மேல்நோக்கி நீண்டிருக்கும், கழுத்தின் இரண்டாவது எலும்பான சி2-ஐக் கண்டுபிடித்து அங்கிருந்து கீழே எண்ணிக்கொண்டு வாருங்கள். கழுத்தின் கடைசி எலும்பான சி7-உம், அதற்கடுத்து நெஞ்சுப் பகுதியின் முதல் எலும்பான டி1-இன் மேல்விளிம்பும் தெரிந்தால்தான் படம் முழுமையானது. பருத்த தோள் உடையவர்களுக்கு அந்த இடம் மறைந்துபோவது வழக்கம் என்பதால், விபத்தில் அடிபட்டவராக இல்லாத பட்சத்தில், தோளைத் தாழ்த்தச் சொல்லி மறுபடியும் எடுக்க வேண்டும்.

அடுத்து வரிசை. எலும்பு உடல்களின் (எலும்பின் முன்புறக் கட்டைப் பகுதி) முன்விளிம்பு, பின்விளிம்பு, தண்டுவடக் குழாயின் பின்சுவர், எலும்புகளில் இயல்பாகவே உள்ள பின்புற முட்களின் நுனி ஆகிய நான்கையும் தொட்டுச் செல்லும் கோடுகளை மனத்தில் வரையுங்கள். முதல் மூன்றும் உடையாமல் மென்மையாக வளைந்து செல்ல வேண்டும். ஓர் எலும்பு அடுத்ததைவிட 3.5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் உறுதியின்மையைச் சந்தேகித்து, மூத்தவரிடம் உடனே காட்டுங்கள்.

வளைவை அளக்க, சி2-இன் அடித்தட்டிலும் (எலும்பு உடலின் கீழ்ப்பரப்பு) சி7-இன் அடித்தட்டிலும் கோடு போட்டு அவற்றுக்கிடையேயான கோணத்தைக் கணக்கிடலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். 'கழுத்தின் வளைவு குறைந்துள்ளது' என்ற வரி இல்லாத அறிக்கையைப் பார்ப்பதே அரிது; ஆனால் படம் எடுக்கும்போது தாடையைச் சற்றுத் தாழ்த்தினாலே கழுத்து நேராகிவிடும், தசை இறுகினாலும் அப்படித்தான், வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. அதை மட்டும் வைத்து நோய் என்று எழுதாதீர்கள்.

தேய்மானத்திற்கு வட்டு இடைவெளிகளை, அதாவது இரண்டு எலும்பு உடல்களுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டு இருக்கும் இடத்தை, பாருங்கள். ஒவ்வொன்றின் உயரத்தையும் மேலும் கீழும் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் முதலில் குறுகுவது சி5–சி6, அடுத்தது சி6–சி7. பிறகு விளிம்புகளில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முள், வட்டை ஒட்டிய எலும்புத் தட்டுகளில் கூடுதல் வெண்மை ஆகியவற்றைத் தேடுங்கள். தேய்மானத்தைத் தரம் பிரிக்கும் கெல்கிரன் முறையில் 0 முதல் 4 வரை தரம் உண்டு: தேய்மானமே இல்லை என்றால் 0; முன்புறம் சிறு முள் மட்டும் என்றால் 1; முள் தெளிவாகி இடைவெளி இலேசாகக் குறுகியதாகத் தோன்றினால் 2; மிதமான குறுகலும் வெண்மையும் சேர்ந்தால் 3; இடைவெளி மிகக் குறுகிப் பெரிய முட்கள் பல இருந்தால் 4.

தரம் வலியின் அளவைச் சொல்லாது. 4ஆம் தரத்தோடு நிம்மதியாக வயலுக்குப் போகிறவரும் உண்டு. மாறாக, பீடிக்கு நூல் கட்ட விரல் ஒத்துழைக்கவில்லை, நடை தள்ளாடுகிறது என்று ஒருவர் சொன்னால், எக்ஸ்ரே எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்டுவட அழுத்தத்தை நினைத்து எம்ஆர்ஐக்கு அனுப்ப வேண்டும்.

அறிக்கையில் எந்த எலும்புகளுக்கிடையே என்ற மட்டத்தையும் தரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: 'சி5–சி6 இடைவெளி மிதமாகக் குறுகியுள்ளது, தட்டுகளில் வெண்மையும் முன்விளிம்பில் முள்ளும் உள்ளன, கெல்கிரன் 3, வரிசை சீராக உள்ளது, டி1 மேல்விளிம்பு வரை தெரிகிறது.'