கூலன்ட் எச்சரிக்கை வந்தால்: ஸ்போர்ட்ஸ் காரில் காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

கூலன்ட் எச்சரிக்கை வந்ததும் பலரும் டேங்கின் மூடியைத் திறந்து அரை லிட்டர் ஊற்றிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும், சிக்கல் அப்படியே இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றில். பெட்ரோலைப் போலவோ வைப்பர் தண்ணீரைப் போலவோ அது செலவாகாது. அளவு குறைந்திருக்கிறது என்றால் ஏதோ ஒரு வழியாக வெளியேறியிருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் சிலிண்டர் ஹெட் வளையும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தத் தேடல் கொஞ்சம் கடினம். பலவற்றில் எஞ்சின் நடுவிலோ பின்னாலோ இருக்கும், ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே தரைக்கடியில் நீளமான குழாய்கள் ஓடும். போர்ஷே பாக்ஸ்டரும், 1997-ல் வந்த முதல் தண்ணீர்க்குளிர்ச்சி 911-ஆன 996-உம் இப்படித்தான். அடிப்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் கவர் மூடியிருப்பதால், சொட்டும் கூலன்ட் தரைக்கு வராமல் கவருக்குள்ளேயே தேங்கிக் காய்ந்துவிடும். தரையில் ஈரம் இல்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

வந்தது எந்த எச்சரிக்கை?

கூலன்ட் எச்சரிக்கை மூன்று வகை: அளவு குறைவு, வெப்பம் அதிகம், சென்சார் அல்லது ஃபேன் கோளாறு. பல வண்டிகளில் அளவுக்கு மஞ்சள், வெப்பத்துக்குச் சிவப்பு. சிலவற்றில் ஒரே விளக்குதான் எல்லாவற்றுக்கும். அது நிலையாக எரிந்தால் ஒரு பொருள், மினுக்கினால் வேறு பொருள். வண்டியோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள். தவறான வகையைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி நாள் வீணாகும்.

சிவப்பு என்றால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். முழுச் சூட்டில் வைத்தும் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால், சுற்றில் கூலன்ட் ஓடவில்லை. பெரும்பாலும் அளவு மிகவும் இறங்கியிருக்கும், இல்லையென்றால் பம்ப் நின்றிருக்கும்.

வெப்பமுள் இறங்குவதை நம்பாதீர்கள். வெப்ப சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் முழுக்க வெளியேறி சென்சாரைச் சுற்றிக் காற்றும் ஆவியும் மட்டும் இருந்தால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். பல வண்டிகளில் முள் நடுவில் நிற்பதும் முழு உண்மை அல்ல. ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காக, உள்ளே சில டிகிரி ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடி அமைத்திருப்பார்கள். உண்மையான எண்ணை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும்.

முதலில் ஆறட்டும்

சுற்றில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை சுமார் 129 டிகிரி வரை தாங்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விழுந்து, உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் சூடில்லாமலும், அழுத்தினால் மெத்தென்றும் இருக்க வேண்டும். மூடியின் மேல் துணி போட்டு, கால் சுற்று திருப்பி நிறுத்தி, காற்று போகும் சத்தம் அடங்கியபின் கழற்றுங்கள்.

சாவியை எடுத்தபின்னும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம். விரல், சட்டை நுனி எதுவும் அருகில் போகக் கூடாது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கடும் விஷம். சிந்தியதை உடனே துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

படி 1: குளிர்ந்த எஞ்சினில் அளவு

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்க் எங்கே என்பதைக் கையேட்டில் பாருங்கள். பாக்ஸ்டரில் அது பின் டிக்கியில் இருக்கும். பழைய பிளாஸ்டிக் டேங்க் மஞ்சளித்து உள்ளே தெரியாமல் போயிருந்தால், பின்னாலிருந்து டார்ச் அடித்தால் திரவத்தின் கோடு தெரியும். மின், மேக்ஸ் குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி.

குறைவாக இருந்தால், ஊற்றும் அளவைக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். எத்தனை மில்லி, ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவையுங்கள். கோட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் அடுத்த முறை ஒப்பிடுவது எளிது. 1000 கிலோமீட்டருக்கு 100 மில்லி குறைந்தாலே அதைக் கசிவாக எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

வளைவில் திரும்பும்போதோ அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் எச்சரிக்கை வந்து போனால், அளவு எல்லையில் நிற்கிறது. டேங்கில் கூலன்ட் ஒரு பக்கம் ஒதுங்கும்போது சென்சார் வெளியே தெரிந்துவிடுகிறது. இந்த நிலையில் பலர் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அது வீண் செலவு.

படி 2: அளவு சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால்

இப்போதுதான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வகையில் காந்தம் பதித்த மிதவை மேலும் கீழும் நகர்ந்து உள்ளே ஒரு ரீட் சுவிட்சை இயக்கும். மற்றொரு வகையில் இரண்டு உலோக முனைகள் கூலன்டில் மூழ்கி, அதன் வழியே மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும்.

சென்சாரில் வயர் சேரும் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சைத் துரு, வெள்ளைப் பொடி, ஈரம் எதுவும் இருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் சென்சார் உடலின் வழியாகவே கூலன்ட் கசிந்து வயருக்குள் ஏறுகிறது. மிதவை வகையாக இருந்தால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து மிதவையை மேலும் கீழும் நகர்த்துங்கள். நிலை மாறாவிட்டால் மிதவை சிக்கியிருக்கிறது அல்லது சுவிட்ச் போய்விட்டது. கப்ளரில் இரு முனைகளையும் வயரால் இணைத்துப் பார்க்கும் குறுக்குவழியை, வயரிங் படம் கையில் இல்லாமல் செய்ய வேண்டாம். சுற்று திறந்திருப்பது சில வண்டிகளில் 'குறைவு', வேறு சிலவற்றில் 'நிறைவு'.

மின்முனை வகையில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. டேங்கின் உட்சுவரில் அழுக்குப் படலம் படிந்தால், கூலன்ட் இறங்கியபின்னும் அந்தப் படலம் வழியாக மின்சாரம் பாய்ந்து, எல்லாம் சரி என்றே காட்டும். அதனால் விளக்கு எரியாத வண்டியிலும் மாதம் ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும்.

படி 3: கண்ணால் தேடுவது

வண்டியை ஜாக்கில் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தியபின்னரே அடியில் போங்கள். ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. அடிக் கவர்களைக் கழற்றுங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளை, இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறப் படிவமாகத் தெரியும். ஹோஸ் கிளாம்ப்களின் ஓரம், பிளாஸ்டிக் இணைப்புகள், ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் மடிப்பு, டேங்கின் அடித் தையல், தரைக்கடிக் குழாய்களைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகள் இவற்றைப் பாருங்கள். முதல் தலைமுறை பாக்ஸ்டரான 986-லும், 996-லும் எக்ஸ்பான்ஷன் டேங்க் விரிசல் விடுவது நன்கு அறியப்பட்ட சிக்கல்.

வாட்டர் பம்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த வழியாக வெளியேறட்டும் என்றே வைத்த துளை அது. அதன் கீழே கறை இருந்தால் பம்பின் ஆயுள் முடியப்போகிறது. துளையை அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடும்.

முன் பம்பரைக் கழற்றினால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே காய்ந்த இலைகள் அடைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அவை காற்றை மறிப்பதோடு, ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்லிய அலுமினியத் தகடுகளை அரிக்கும். உள்ளே முன் கார்பெட் ஈரமாக இருந்தாலோ, கண்ணாடியில் எண்ணெய்ப் பசையுள்ள புகை படிந்தாலோ ஹீட்டர் கோர் (உள்ளே சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) கசியலாம்.

படி 4: அழுத்தச் சோதனை

மூடியின் இடத்தில் பொருந்தும் அடாப்டரும் கைப்பம்பும் கொண்ட கிட் இருந்தால் போதும். மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 1.4 என்றோ 140 என்றோ இருந்தால் 1.4 பார். குளிர்ந்த எஞ்சினில் அந்த அளவு வரை மட்டும் அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸையும் டேங்கையும் நீங்களே உடைப்பீர்கள்.

முள் அசையாவிட்டால் இப்போதைக்குக் கசிவு இல்லை. முள் இறங்கி, வெளியே துளியும் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் பெரும்பாலும் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் போன்ற வெளுத்த பசை இருக்கிறதா, சைலென்சரில் இனிப்பு வாசனையோடு அடங்காத வெண்புகை வருகிறதா என்று பாருங்கள். குறுகிய ஓட்டங்களில் படியும் ஈரத்தாலும் ஆயில் மூடியில் கொஞ்சம் பசை சேரும். அதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

குளிரும்போது கிளாம்ப் தளர்ந்து கசியும் இடங்கள் உண்டு. சூட்டில் பிளாஸ்டிக் விரிசல் திறந்து கசியும் இடங்களும் உண்டு. முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மறுபடி செய்யுங்கள்.

மூடியையும் தனியாக அதே பம்பில் சோதியுங்கள். பலவீனமான மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. கொதிநிலை இறங்கி, கூலன்ட் வழிந்து போகும். விலை குறைவான பாகம் என்பதால், சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுவது நல்லது.

படி 5: எஞ்சினில் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா?

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அல்லது டேங்கில் குமிழி விடாமல் வந்தால், நீலத் திரவச் சோதனை செய்யுங்கள். டேங்க் வாயில் குழாயை வைத்து, மேலே உள்ள காற்றை அந்தத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்டே உள்ளே ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அதனால் முன்கூட்டியே டேங்கில் அளவைச் சற்று இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: அளவு சரி, கசிவு இல்லை, ஆனாலும் சூடேறுகிறது

வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி கூலன்ட் வெப்பத்தை நேரலையில் பாருங்கள், பிழைக் குறியீடுகளையும் பாருங்கள். பி0128 என்றால் எஞ்சின் உரிய சூட்டுக்கு ஏறவில்லை, பெரும்பாலும் திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்தான் (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறக்கும் வால்வு) காரணம். பி0117, பி0118 இரண்டும் வெப்ப சென்சார் சுற்றைச் சொல்பவை. பி0217 உண்மையான அதிவெப்பம்.

நெரிசலில் சூடேறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் ஃபேன் பக்கம் போங்கள். ஏசியைப் போட்டால் இரு பக்க ஃபேன்களும் சுற்ற வேண்டும். ஒன்று சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். குறைந்த வேகம் மட்டும் இல்லையென்றால் அதற்கான ரெசிஸ்டர் போயிருக்கும். வேகத்தில் சூடேறினால் ஓட்டம் தடைபட்டிருக்கிறது: அடைபட்ட ரேடியேட்டர், முழுக்கத் திறக்காத தெர்மோஸ்டாட், இறக்கைகள் உடைந்த வாட்டர் பம்ப்.

படி 7: மறுபடி நிரப்புவது

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுத் தரம் கிடையாது. கையேட்டில் உள்ள தர எண்ணைப் பொருத்துங்கள். பொருந்தாத வகைகள் கலந்தால் கூழாகி ஹீட்டர் கோரை அடைக்கும். கசிவை அடைக்கும் பொடிகளும் திரவங்களும் அப்படியே. அவற்றைத் தொடவே வேண்டாம். அடர் கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூலன்டை மட்டும் கூட்டினால் குளிர்ச்சி கூடாது, குறையும். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது.

நீளமான குழாய்கள் உள்ள வண்டியில் மேலிருந்து ஊற்றினால் ஏர் லாக் ஆகும், அதாவது காற்று சிக்கி ஓட்டத்தைத் தடுக்கும். வேக்யூம் ஃபில்லர் கொண்டு சுற்றிலுள்ள காற்றை முதலில் உறிஞ்சி, வெற்றிடம் சில நிமிடம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கூலன்டை உள்ளே இழுக்க விடுவதே நம்பகமான முறை. மின்சார வாட்டர் பம்ப் உள்ள பிஎம்டபிள்யூ என்54 எஞ்சின்களில் வண்டியே காற்றை வெளியேற்றும். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை அதிகச் சூட்டிலும் காற்றைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரை 10 நொடி முழுக்க அழுத்திப் பிடியுங்கள். எஞ்சின் ஓடாமலே பம்ப் சுமார் 12 நிமிடம் சுற்றும்.

எந்த முறையில் நிரப்பினாலும், இரண்டு முறை முழுச் சூடேறி ஆறியபின் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கும். அப்போது நிரப்பிவிட்டு டேப்பைப் புதிய கோட்டில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகும் 500 கிலோமீட்டருக்குள் இறங்கினால் படி 4-க்குத் திரும்பி, இந்த முறை எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது அழுத்தச் சோதனை செய்யுங்கள்.