டவுன் சென்டர் ஏன் மனே சும்மா நிக்குது?

கல்லடியில் அக்கா வீட்டுக்குப் போனால் மருமகன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்கிற, ஊர் கட்டிப் படை சேர்த்து மோதுகிற கொம்பியூட்டர் கேமை விளையாடிக்கொண்டிருப்பான். பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டுப் பின்னால் இருந்து பார்ப்பேன். பத்து நிமிடத்தில் என் கை துருதுருக்கத் தொடங்கிவிடும். அவன் விடுகிற பிழை ஒவ்வொன்றும், இருபது வருடத்துக்கு முன் களுவாஞ்சிகுடியில் ஒரு நெட் கபேயில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி நான் விட்ட பிழை.

வீடு கட்ட மறப்பது (வீடு போதாவிட்டால் புது ஆள் வராது), மூலையில் இருக்கும் மினிமேப்பைப் பார்க்காமல் விடுவது எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு நாள் அடி வாங்கினால் அதெல்லாம் தானாகப் பழகிவிடும். இதிலும், பாதையில் வரும் எதிரிகளை டவர் கட்டித் தடுக்கிற டவர் டிஃபென்ஸ் கேம்களிலும் லேசில் போகாத சில பிழைகளைத்தான் சொல்கிறேன்.

டவுன் சென்டரைச் சும்மா விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். உணவும் மரமும் சேர்க்கிற வேலையாட்களான வில்லேஜர்கள் பிறப்பது டவுன் சென்டரில்தான். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 செக்கன். தொடக்கத்தில் உங்களிடம் இருப்பது 3 பேர். டவுன் சென்டர் நிற்காமல் ஓடினால் கேம் மணிக்கூட்டில் 8 நிமிடம் ஆகும்போது இன்னும் 19 பேர் வந்திருக்க வேண்டும். மொத்தம் 22. மருமகனிடம் எண்ணிப் பார்த்தேன், 15 பேர்.

"டவுன் சென்டர் ஏன் மனே சும்மா நிக்குது?"

"பொறுங்க மாமா, பண்டியக் கூட்டிட்டு வாறன்."

உணவுக்காகக் காட்டுப்பன்றியை டவுன் சென்டர்வரை இழுத்துவர, அதற்கு ஓர் அம்பை விட்டுவிட்டு வில்லேஜர் ஓட, பன்றி துரத்த, இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைக்குள்ளே போய்விடுவான் போல இருந்தான். அந்த இடம் யாருக்கும் பிடிக்கும்தான், எனக்கும் பிடிக்கும். அதனால்தான் கெட்டுப்போகிறோம். பன்றி கண்ணுக்குத் தெரிகிறது. பிறக்காத வில்லேஜர் தெரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒருவன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 உணவோ மரமோ கொண்டுவருவான். 7 பேர் குறைந்தால் நிமிடத்துக்கு 140, ஐந்து நிமிடத்தில் 700. அடுத்த கட்டமான ஃபியூடல் ஏஜுக்குப் போகத் தேவைப்படுவதே 500 உணவுதான். உங்களைவிட முந்திப் போனவன் கள்ள வேலை ஒன்றும் செய்யவில்லை.

இதைச் சொன்னதும் சிலர் பத்து வில்லேஜரை ஒரேயடியாக வரிசையில் போட்டுவிடுவார்கள். அதுவும் பிழை. வரிசையில் போட்ட உடனேயே விலை கழிந்துவிடும், 500 உணவு சும்மா அடைபட்டுக் கிடக்கும். இரண்டு மூன்று போதும். எச் எழுத்தை அழுத்தினால் டவுன் சென்டருக்குப் போகலாம். பன்றி துரத்துகிற நேரத்திலும் அந்த விரல் சும்மா இருக்கக்கூடாது.

அந்த நெட் கபேயில் ஒருநாள் கல்முனையிலிருந்து வந்த சிநேகிதனோடு மோதினேன். சுற்றிவரச் சுவர், உள்ளே 2000 மரம் சேமிப்பு. அதைப் பெருமையாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கொம்பியூட்டரில் இருந்த அந்தச் சிநேகிதன் எட்டிப் பார்த்துக் கேட்டான்: "மரத்த மறுகா விக்கப்போறியா மச்சான்?" அவனிடம் அப்போதே மூன்று டவுன் சென்டர். பிறகு தூரத்திலிருந்து கல்லெறிகிற ட்ரெபுஷே பொறிகளைக் கொண்டுவந்து, என் வில்லாளர்களுக்கு எட்டாத தூரத்தில் விரித்துவைத்து, சுவரை ஆறுதலாக உடைத்தான். கரண்ட் போகாதா என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே நாள் அது.

டவர் டிஃபென்ஸ் புத்தியோடு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கு வருவது

டவர் டிஃபென்ஸ் விளையாடிப் பழகியவருக்குக் கல்லைக் கண்டால் டவர் கட்டத்தான் தோன்றும். தொடக்கத்தில் கிடைப்பது 200 கல். ஒரு காவல் டவருக்கு 125 போய்விடும். ஃபியூடலுக்கு அடுத்த காசில் ஏஜில் இன்னொரு டவுன் சென்டர் கட்ட 100 கல் வேண்டும், மிச்சம் இருப்பதோ 75. ஒரு டவருக்காக இரண்டு டவுன் சென்டர்களைத் தள்ளிப்போட்டுவிட்டீர்கள்.

வாசலிலேயே டவர்களைக் குவிப்பது

டவர் டிஃபென்ஸில் எனக்குப் பிடித்தது, பாதையை நாமே டவர்களால் வளைத்துக் கட்டுகிற வகை. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3இல் ரசிகர்கள் செய்த மேப்புகளில் அது நிறைய இருந்தது. பாதை மாறாத கேம் என்றால், எதிரி நுழைகிற வாசலில் குவிக்காமல் வளைவைத் தேடுங்கள். கொண்டை ஊசி வளைவின் நடுவில் நிற்கிற டவர், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அடிக்கும். சம்மாந்துறைப் பக்கம் ஒரு சிநேகிதனுடைய வயல் வட்டையில் யானைக்காவலுக்குப் பரண் போட்டிருந்தார்கள். காட்டு ஓரத்தில் இல்லை, இரண்டு பக்கமும் தெரிகிற மூலையில். அங்கே ஓர் இரவு முழித்திருந்தபோதுதான் இது எனக்கு மண்டையில் ஏறியது.

ஒரே டவரை நம்புவது

பலூன்களைக் குரங்குகள் உடைக்கிற டவர் டிஃபென்ஸ் கேம் புளூன்ஸ் டிடி 6. அதில் டார்ட் எறிகிற குரங்குகளை மட்டும் அடுக்கி இருபது ரவுண்ட் ராசா மாதிரி ஓட்டலாம். 24ஆவது ரவுண்டில் மறைந்து வருகிற முதல் கேமோ பலூன் கண்முன்னாலேயே கடந்து போகும், குரங்குகள் திரும்பியும் பார்க்காது. 28இல் ஈய பலூன், சாதாரண டார்ட் அதில் பட்டுத் தெறிக்கும். குண்டு டவர் ஒன்றை முன்கூட்டியே வையுங்கள்.

விற்று விற்று இடம் மாற்றுவது

புளூன்ஸில் டவரை விற்றால் திரும்பி வருவது போட்ட காசில் 70 வீதம்தான்.

கேமை நிறுத்திவைத்து யோசிப்பது

பிழையே இல்லை. தாராளமாகச் செய்யுங்கள்.

ஸ்டார்கிராஃப்டில் தொடங்குவது

அந்த வேகமான போர் கேமுக்கு மரியாதை உண்டு. என் விரலுக்கு ஆகாது.

போன ஞாயிறும் கல்லடிக்குப் போனேன். பன்றி துரத்திக்கொண்டு வர, பார்வையைத் திருப்பாமலே மருமகன் எச்சை அழுத்தினான். எனக்குப் புல்லரித்துப்போனது. ஆனால் வில்லேஜர் வரவில்லை. வீடு கட்ட மறந்திருந்தான்.