பழைய 16 கேஜ் துப்பாக்கி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் பறவை வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கையில் 12 கேஜ் அல்லது 20 கேஜ்தான் இருக்கும். கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு; எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். நடுவில் இருக்கும் 16 கேஜும் ஒரு காலத்தில் நன்றாகவே விற்றது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டிகளை 12, 20, 28, .410 என்று நான்கு பிரிவாக வகுத்தபோது இதற்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு வந்த 3 அங்குல 20 கேஜ் மேக்னம் தோட்டா மிச்ச வாடிக்கையாளர்களையும் கொண்டுபோனது. ஆனாலும் மிச்சிகன், விஸ்கான்சின், மெயின் காடுகளில் ரஃப்ட் க்ரௌஸ் என்ற காட்டுப் பறவையைத் தேடி நாள் முழுக்க நடப்பவர்கள் இன்னும் 16-ஐத் தேடி வாங்குகிறார்கள். பழம்பொருள் மோகமும் உண்டுதான். முதல் காரணம் எடைக் குறைவு.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க மாநில உரிமத்தோடு, அனுமதித்த பருவத்தில் செய்யும் வேட்டைக்கு மட்டும். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் தனிச் சட்ட விதி உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதில் ஒரு விலக்கு. அதைச் சரிபார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 16 உருண்டையாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 16 கேஜ் குழலின் உள்விட்டம்: .662 அங்குலம், அதாவது 16.8 மி.மீ. பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்பதால் உருண்டையின் எடை சரியாக 1 அவுன்ஸ். இந்தக் குழலுக்கு நன்றாகப் பொருந்தும் ரவைச் சுமையும் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளின் எடை) அதே 1 அவுன்ஸ்தான். 12 கேஜ் தோட்டாக்களில் பலவும் 1⅛ அவுன்ஸோ அதற்கு மேலோ ரவை சுமப்பவை. க்ரௌஸுக்கு அவ்வளவு தேவைப்படாது. 1 அவுன்ஸில் 7½ எண் ரவை ஏறக்குறைய 350, அதைவிடப் பெரிய 6 எண் ரவை 225 இருக்கும்.

எடை குறைவது 16-க்கென்றே செய்த உடல் (குழல் பொருந்தும் உலோக நடுப்பாகம்) இருந்தால்தான். சில தொழிற்சாலைகள் 12 கேஜ் உடலிலேயே 16 குழலைப் பொருத்தி விற்றன. அப்படிப்பட்டது 7 பவுண்டுக்கு மேல் இருக்கும். அதைச் சுமப்பதற்கு 12-ஐயே சுமக்கலாம், தோட்டாவாவது எந்தக் கடையிலும் கிடைக்கும். இரட்டைக்குழல் என்றால் 6 முதல் 6½ பவுண்டுக்குள் பாருங்கள். விற்பவர் வாயால் சொல்லும் எடையை நம்பாமல் தராசில் வையுங்கள். தானியங்கியில் பிரௌனிங் 1937-இல் கொண்டுவந்த ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’, பம்ப் வகையில் இத்தாக்கா 37 இரண்டும் இந்தக் காரணத்துக்காகவே இன்றும் விலைபோகின்றன.

தோட்டா அறையின் நீளம்

பழைய 16-இல் பலரும் தவறுவது இங்கேதான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல 16-களின் அறை 2 9/16 அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்று கடையில் கிடைப்பது 2¾ அங்குல, 70 மி.மீ. தோட்டா. பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளம். வெடிக்காத தோட்டா வாய் மடிப்போடு 60 மி.மீ. அருகில்தான் இருக்கும். ஆகவே 65 மி.மீ. அறைக்குள் தாராளமாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் தடையில்லாமல் மூடும், எல்லாம் சரி என்றே தோன்றும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னால் குழல் குறுகும் சரிவில் போய் முட்டும். ரவையும் அதன் பின்னால் இருக்கும் ‘வாட்’ என்ற அடைப்பும் அந்த நெருக்கடிக்குள் பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். அழுத்தம் ஏறும், தோளில் உதை கூடும். நாளடைவில் பூட்டு தளரும், தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தில் விரிசல் விழும். பிரௌனிங்கின் பழைய ஆட்டோ-5 தானியங்கி என்றால் நீளமான காலிக் கூடு வெளியேறும் வாயிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஐரோப்பியத் துப்பாக்கி என்றால் குழலின் அடியில் 16/65 அல்லது 16/70 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அமெரிக்கத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. அங்கே அரசு சோதனைச்சாலை முத்திரை என்ற முறையே கிடையாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் உள்ள அறை அளவுகோலை உள்ளே விட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே சுட்ட கூடு கிடைத்தால் அதன் வாயைப் பாருங்கள். விளிம்பு நேராக இல்லாமல் நைந்து, உட்புறம் மெலிந்து இருந்தால் அறை குட்டை.

குட்டை அறை என்பதற்காக நல்ல துப்பாக்கியை விட வேண்டியதில்லை. 2½ அங்குல, குறைந்த அழுத்தத் தோட்டாக்களைச் சில சிறு நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன. அறையை நீட்டவும் முடியும். ஆனால் அந்த இடத்தில் குழல் சுவர் எவ்வளவு தடிமன் என்று அளக்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். நீட்டினால் சேகரிப்பாளர் தரும் விலையும் இறங்கும்.

குழலும் கட்டையும்

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடியபடி பக்கவாட்டில் ஆட்டுங்கள். கையில் அசைவு தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. குழல்களை மட்டும் நூலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டினால் மணிபோலத் தெளிவாக ஒலிக்க வேண்டும். கரகரத்தால் நடுப்பட்டையின் பற்று விட்டிருக்கிறது. பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒளி வளையங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும், ஓரிடத்தில் பிறைபோல் நிழல் விழுந்தால் அங்கே நெளிவு. குழலின் வெளிப்புறத்தில் முறுக்கு வரிகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். அதைச் சுவரில் மாட்டுங்கள். இன்றைய தோட்டாவைப் போடாதீர்கள்.

பழைய குழல்களில் சோக் (குழல் வாயின் குறுக்கம்) இறுக்கமாகவே இருக்கும். கம்பளி, அட்டை வாட் காலத்தில் ரவை அதிகம் சிதறியதால் அப்படிக் குறுக்கினார்கள். இன்றைய பிளாஸ்டிக் கிண்ணம் ரவையை ஒன்றாகவே கொண்டுபோவதால் அதே குழல் இன்னும் நெருக்கமாக அடிக்கும். ஃபுல் சோக்கில் 20 கஜத்தில் ரவை வட்டம் சுமார் 16 அங்குலம்தான். அடர்ந்த ஆஸ்பென் காட்டில் க்ரௌஸ் எழும் தூரமும் அதுவே. தப்பும், அல்லது பறவை சிதைந்து சமையலுக்கு உதவாமல் போகும். பெரிய தாளை 20 கஜத்தில் கட்டி, நீங்கள் வாங்கும் அதே தோட்டாவால் சுட்டுப் பார்த்து, பிறகு சோக்கைத் திறப்பதா, சிதறவைக்கும் ஸ்பிரெடர் தோட்டா வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள். தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் சுடப் போகிறவர் ஒரு குழலையாவது இறுக்கமாகவே விட்டுவைப்பது நல்லது.

பழைய அமெரிக்கக் கட்டைகள் பின்பக்கம் மிகவும் தாழ்ந்திருக்கும். 3 அங்குலச் சரிவு சாதாரணம். கன்னத்தை அழுத்தி வைத்தால் கண் குழல் மட்டத்துக்குக் கீழே போய்விடும், தலையைத் தூக்கிச் சுடும் பழக்கம் வரும். மேலே கட்டும் தோல் பட்டை மலிவான தீர்வு.

தோட்டா

1 அவுன்ஸ், 2½ டிராம் (கரிமருந்துக் கணக்கில் மருந்தின் அளவு), நொடிக்கு 1,165 அடி வேகம் என்று குறித்த தோட்டாவை முதலில் தேடுங்கள். 1⅛ அவுன்ஸ், 1,300 அடியை ஒட்டிய கனத்த தோட்டாக்களும் உண்டு. 6 பவுண்டு துப்பாக்கியில் அவை தோளை நோகடிக்கும், பழைய கட்டைக்கும் நல்லதல்ல. பருவம் தொடங்கும் நேரத்தில் கடையில் 16 காலியாகிவிடும். கோடையிலேயே 250 கொண்ட ஒரு பெட்டி எடுத்து வையுங்கள்.

நீர்ப்பறவைக்கு 1991 முதல் நாடெங்கும் ஈய ரவை கூடாது. மத்திய அரசின் நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகளில் ஃபெசன்டுக்கும் அதே தடைதான். அதற்காகப் பழைய குழலில் எஃகு ரவை போட்டால் சோக் அருகே குழல் புடைக்கும். விலை கூடுதலானாலும் பிஸ்மத் வாங்குங்கள், ஈயம்போல மென்மையானது. அளவில் மட்டும் ஒரு படி பெரிய, அதாவது எண் குறைந்த ரவையாக எடுங்கள்.

16-க்குப் பதில் இன்னும் சிறிய 28 கேஜ் எடுக்கலாமா என்றால், அது சுமப்பது ¾ அவுன்ஸ்தான். பாப்ஒயிட் காடைக்கும் உட்காக் பறவைக்கும் 30 கஜத்துக்குள் போதும். ஆனால் 5½ பவுண்டு துப்பாக்கி கையில் சட்டென நின்றுவிடும், பறவைக்குப் பின்னால் சுடுவீர்கள். பழைய 10 கேஜ் வேறு சங்கதி: அதன் அறை 2⅞ அங்குலம், 1932-இல் வந்த 3½ அங்குல மேக்னம் தோட்டாவை அதில் போடவே கூடாது.

வீட்டில் இரண்டு கேஜ் இருந்தால் வேட்டைச் சட்டைப் பையை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். 12 குழலுக்குள் 20 கேஜ் தோட்டா நழுவி முன்னே போய் நின்றுகொள்ளும். அறை காலியாகத் தெரியும், பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் கூட்டுக்கு மஞ்சள் நிறம் ஒதுக்கியது இதற்காகத்தான். 16-க்குள் 28 நழுவினாலும் இதே கதிதான்; அங்கே எச்சரிக்க மஞ்சள் நிறம்கூட இருக்காது. ‘டப்’ என்று வெறும் சத்தம் கேட்டாலோ, சுட்டும் வெடிக்காவிட்டாலோ, குழலைத் திசைமாற்றாமல் அரை நிமிடம் பொறுத்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைப் போடுங்கள்.